புள்ளி விழாத லெப்டொப்

பாமினி என்கிற தமிழ் கீபோட் முறையில் டைப் பண்ணுகிறவர்களின் கீபோட்டில் எந்தக் கீ முதலில் தேய்ந்து பளபளக்கிறது என்று பாருங்கள். எல் கீக்கு வலப்பக்கத்தில், வலது சுண்டுவிரல் போய் உட்காரும் இடத்தில், அரைப்புள்ளிக் குறி போட்ட கீ ஒன்று இருக்குமே, அதுதான். ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறவர் அதை ஒரு பக்கத்துக்கு ஒரு தடவை தொட்டாலே பெரிய விஷயம். பாமினியில் மெய்யெழுத்துக்கு வைக்கிற புள்ளி அங்கேதான் இருக்கிறது. ‘வணக்கம்’ என்று அடிக்க இரண்டு தடவை அதைத் தட்ட வேண்டும். ‘தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள்’ என்றால் ஐந்து தடவை. அப்படியானால் ஒரு நாளில் எத்தனை தடவை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் கீதான் என் லெப்டொப்பில் முதலில் போனது.

இலங்கையின் மலையகத்தில், கொட்டகலையில் வீட்டில் இருந்தே டைப்செட்டிங், மொழிபெயர்ப்பு என்று செய்கிறேன். பாடசாலைத் தவணைப் பரீட்சைத் தாள், கோயில் தேர்த் திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல், தொண்டு நிறுவன அறிக்கை, வீட்டு உறுதிப்பத்திரம் கேட்டு எழுதும் மனு, எல்லாம் வரும். பழைய லெப்டொப் உயிரை விட்டபோது, இனி ஒரு தடவை வாங்கினால் பல வருஷம் உழைக்க வேண்டும் என்று 2021இல் கொழும்பில் செகண்ட் ஹேண்டாக ஒரு விலை உயர்ந்த சாமானை வாங்கினேன். கம்பனியின் பெயர் வேண்டாம். அலுமினிய உடல், மூடினால் ஒரு மெல்லிய கோப்பின் தடிப்பு, கையில் எடுத்தால் பாரமே இல்லை. கீகள் மட்டும் அடிக்கிற மாதிரியே இல்லை, மேசையைத் தட்டுகிற மாதிரி இருந்தன. பழகிவிடும் என்றார்கள். பழகியும் விட்டது.

அந்த வருஷமே மழைக்காலத்தில் புள்ளி விழாமல் போகத் தொடங்கியது. ஒரேயடியாகப் போயிருந்தால் உடனே தெரிந்திருக்கும். இது பத்துக்கு ஒன்று, இருபதுக்கு ஒன்று என்று விட்டுவிட்டுப் போனது. பத்துப் பக்கத் தாளில் எங்கே விழவில்லை என்று தேடிப் பிடிப்பது புதிதாக டைப் பண்ணுவதைவிடக் கஷ்டம். ‘அபபா’, ‘வநதார்’ மாதிரியானவை கண்ணில் குத்தும், பரவாயில்லை. கண்ணில் குத்தாதவைதான் ஆபத்து. ‘கல்வி’யில் புள்ளி போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அது பிழையான சொல் அல்ல, சுத்தமான தமிழ்ச் சொல். எந்தப் பிழைதிருத்தியும் சிவப்புக் கோடு போடாது. வலயக் கல்விப் பணிப்பாளருக்குப் போகிற கடிதங்களை டைப் பண்ணுகிறவளுக்கு இதைவிடப் பயங்கரம் வேறு இல்லை. அந்த நாட்களில் ஒரு கடிதத்தை முடித்ததும் முதல் வேலையாக ‘கலவி’ என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் பிரிண்ட் கொடுப்பேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கவிதைத் தொகுப்பு டைப் பண்ணக் கொடுத்திருந்தார். நிலைமையைச் சொன்னேன். “ஓலைச்சுவடியில புள்ளி ஏதும்மா? அந்தக் காலத்துல படிக்கலையா?” என்று சிரித்தார். உண்மைதான், ஏடெழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. ஆனால் ப்ரூஃப் கொடுத்தபோது விட்டுப்போன புள்ளிகளையெல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுத் தந்தவரும் அவர்தான்.

கொஞ்ச நாளில் கீ மனம் மாறியது. விழாமல் இருந்த புள்ளி இப்போது இரண்டாக விழத் தொடங்கியது. தமிழில் ஒரு மெய்யின் மேல் இரண்டு புள்ளி வைக்க இடமில்லை. அதனால் கணினி இரண்டாவது புள்ளியை என்ன செய்வதென்று தெரியாமல், பக்கத்தில் புள்ளிக்கோட்டில் ஒரு வட்டம் வரைந்து அதன் தலையில் வைத்துவிடும். ஆங்கிலத்தில் ஒரு எழுத்து இரட்டித்தால் வாசிக்கிறவர் தாண்டிப் போய்விடுவார். மரண அறிவித்தலில் இறந்தவரின் பெயருக்கு நடுவில் அப்படி ஒரு வட்டம் நின்றால் யார் தாண்டிப் போவார்கள்?

ஏன் இரண்டாக விழுகிறது என்பதை ஹட்டனில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பிதான் சொன்னான். எந்தக் கீயாக இருந்தாலும் உள்ளே இரண்டு தொடுமுனை சேரும்போது ஒரே அடியாக ஒட்டுவதில்லை. ஓரிரு மில்லிசெக்கன் துள்ளித் துள்ளித்தான் ஒட்டும். கீபோட்டுக்குள் இருக்கும் சிப், அந்தத் துள்ளல் அடங்கும்வரை பொறுத்திருந்து ஒரு அடியாகக் கணக்கெடுக்கும். முனை தேய்ந்தோ, அழுக்குப் படிந்தோ இருந்தால் துள்ளல் நீளும். சிப்பின் பொறுமைக்கு மேலே போனால் அது இரண்டாவது அடி என்று எண்ணிவிடும். அவ்வளவுதான் சமாசாரம்.

“அப்ப கீபோட்ட மாத்திருவோமே தம்பி.”

“அங்கதான் பிரச்சினை அக்கா,” என்று அடிமூடியைக் கழற்றிக் காட்டினான். மேலே பேட்டரி, பசை போட்டு ஒட்டியிருந்தது. அதன் கீழே ஒரு தகடு. தகட்டின் ஓரமெல்லாம் வரிசையாகக் குட்டிக் குட்டி ரிவெட், கடுகளவு. ஸ்கிரூ ஒன்றுகூட இல்லை. “கீபோட்ட மட்டும் கழட்ட ஏலாது. மேல்பாகம் முழுசா மாத்தணும். கீபோட், பேட்டரி, அந்த அலுமினியம், எல்லாம் சேத்து ஒரே பாட்ஸ்.”

ஒரு கீ. அதற்காகப் பாதி லெப்டொப்.

இது என் ஒருத்தியின் தலைவிதி என்று நினைத்திருந்தேன். தேடிப் பார்த்தால் இந்த வியாதியின் வரலாறே பெரிது. என்னுடையது விண்டோஸ் லெப்டொப். ஆனால் உலகம் முழுக்கப் பேசப்பட்டது அப்பிளின் மெக்புக் கதை. 2015இல் 12 அங்குல மெக்புக்கோடு ‘பட்டர்ஃப்ளை’ என்ற கீபோட்டைக் கொண்டுவந்தார்கள். அதுவரை பெரும்பாலான லெப்டொப்களில் கீக்கு அடியில் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகள் கத்தரிக்கோல் மாதிரிக் குறுக்காக நிற்கும், நடுவில் ஒரு ரப்பர் குமிழ் இருக்கும். பட்டர்ஃப்ளையில் துண்டுகள் நடுவில் மடிந்து இரண்டு சிறகாக விரியும், ரப்பருக்குப் பதில் உலோகக் குமிழ். கத்தரிக்கோலைவிட 40 சதவீதம் மெல்லியது, நான்கு மடங்கு உறுதியானது என்றார்கள். 2016இல் மெக்புக் புரோவுக்கும் அது வந்தது. கீ அரை மில்லிமீற்றர் அளவுதான் கீழே இறங்கும். அந்த இடைவெளிக்குள் ஒரு தூசித் துணுக்கு போனால் போதும், கீ செத்துவிடும், அல்லது இரட்டித்து அடிக்கும்.

தூசி போனால் என்ன செய்வது என்று அப்பிள் தன் உதவிப் பக்கத்தில் வழி சொன்னது. லெப்டொப்பை 75 பாகை சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அமுக்கிய காற்று டப்பாவால் இடமிருந்து வலமாக ஊத வேண்டும், பிறகு வலப்பக்கம் திருப்பி ஒருமுறை, இடப்பக்கம் திருப்பி ஒருமுறை. இலட்சக்கணக்கில் விலை கொடுத்த சாமானைத் தூக்கி வைத்துக்கொண்டு இப்படி ஊதுகிற காட்சி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அமுக்கிய காற்று டப்பா நம் ஊரில் எங்கே கிடைக்கும்? டயர் கடையில் பிடிக்கலாம் என்று ஒருவர் ஐடியா சொன்னார். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும் என்று தம்பி தடுத்தான். அம்மா அடுப்படியில் இருந்து ஊதாங்குழலை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். அவர் விளையாட்டுக்குச் செய்யவில்லை.

2018 மேயில் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். ஜூன் மாதம், முதலில் விற்ற நாளிலிருந்து நான்கு வருஷத்துக்குள் வருகிற பட்டர்ஃப்ளை கீபோட்டுகளை இலவசமாகத் திருத்தித் தருவதாக அப்பிள் அறிவித்தது. மிகச் சிறிய சதவீதத்தினருக்கு மட்டும் இந்தப் பிரச்சினை என்பதே அவர்கள் அப்போதும் சொன்னது. அடுத்த மாதம் வந்த புது மொடலில் கீகளுக்கு அடியில் ஒரு சிலிக்கன் படலம் போட்டிருந்தார்கள். சத்தம் குறையத்தான் என்றார்கள். சாமான்களைப் பிரித்துப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஐஃபிக்ஸிட் ஆட்கள் அது தூசியைத் தடுக்கப் போட்டது என்றார்கள். 2019 மேயில் இன்னொரு திருத்தம். அந்தப் புது மொடல்கள் அறிவித்த அன்றே இலவசத் திருத்தத் திட்டத்திலும் சேர்க்கப்பட்டன. கடைக்கு வருமுன்பே ஆஸ்பத்திரி நம்பர் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் 2019 நவம்பரில் 16 அங்குல மெக்புக் புரோவில் பேசாமல் பழைய கத்தரிக்கோலுக்கே திரும்பினார்கள். 2020 மேக்குள் மற்ற மொடல்களும் திரும்பிவிட்டன. வழக்கு 2022இல் 5 கோடி டொலருக்குச் சமரசமானது.

அந்தப் பணம் யாருக்கு? கலிபோர்னியா, நியூயோர்க், புளோரிடா என்று அமெரிக்காவின் ஏழு மாநிலங்களில் வாங்கியவர்களுக்கு. அதே கீபோட்டில் கொழும்பிலோ கண்டியிலோ டைப் பண்ணியவர் கணக்கிலேயே இல்லை. இங்கே அதில் பெரும்பாலானவை யாரோ வெளிநாட்டில் பாவித்து, மூன்று நான்கு வருஷம் கழித்துக் கையில் வந்து சேர்கிறவை. நான்கு வருஷ இலவசத் திருத்தம் நம்மிடம் வருமுன் முடிந்திருக்கும்.

அந்தக் கதையில் இன்னொரு கட்டம் உண்டு. 2019 மார்ச்சில் வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் பத்திரிகையின் தொழில்நுட்பப் பத்தியாளர் ஒருவர் தன் கட்டுரையை ‘ஈ’யும் ‘ஆர்’உம் விழாமலே வெளியிட்டார். அவருடைய மெக்புக்கில் அந்தக் கீகள் அப்படி இருந்தன. அப்பிள் மன்னிப்புக் கேட்டது. அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஆங்கிலத்தில் ‘ஈ’ இல்லாமல் எழுதினால் உடனே எல்லோருக்கும் புரிகிறது, சிரிக்கிறார்கள். நம்முடையது என்னவென்று யாருக்குக் காட்டுவது? ‘மலையக மககளின வரலாறு இருநூறு ஆணடுகளைக கடநதது’ என்று எழுதிக் காட்டினால், டைப் பண்ணத் தெரியாதவள் என்று என்னைத்தான் சொல்வார்கள்.

கம்பனிகள் கீகளை இலட்சக்கணக்கான தடவை இயந்திரத்தால் தட்டித்தான் பார்ப்பார்களாம். பார்க்கட்டும். எந்தக் கீயை அதிகம் தட்டுவார்கள் என்று நினைப்பது ஸ்பேஸ், ஈ, ஏ, என்டர் என்று இருக்கும். வலது சுண்டுவிரலின் கீழே ஒரு மொழியின் மெய்யெழுத்து முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது அவர்கள் கனவிலும் வராது. நாங்களும் சொல்லப்போவதில்லை. லெப்டொப்பைத் தயாரிக்கிறவர்களுக்கும் பாமினிக்கும் நடுவில் ஒரு சம்பந்தமும் இல்லை. இடையில் ஒரு இலவச மென்பொருள்தான் இரண்டையும் கட்டிப் போட்டிருக்கிறது.

ஈரமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது தம்பியின் கணிப்பு. அப்பிளின் விபரத் தாளில் 90 சதவீத ஈரப்பதம் வரை பாவிக்கலாம், ஆனால் நீர் ஒடுங்காமல், அதாவது ஈரம் துளியாகப் படியாமல், இருக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள். என்னுடையதின் தாளிலும் கிட்டத்தட்ட அதே வரிதான் இருந்தது. ஜூலையில் எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்து வைத்தால் முகில் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். காலையில் லெப்டொப்பின் அலுமினியத்தில் விரலால் பெயர் எழுதலாம். நீர் ஒடுங்காத இடம் வேண்டுமென்றால் நாங்கள் வீட்டை விற்றுவிட்டு மன்னாருக்குத்தான் போக வேண்டும்.

சரி, விலைக்கு வருவோம். மேல்பாகம் மாற்ற 90,000 ரூபாய் என்று கொழும்பில் முதலில் சொன்னார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அது 2022 தொடக்கம். 200 ரூபாய்க்கு இருந்த டொலர் மே மாதத்தில் 360க்குப் போய் நின்றது. மறுபடி கேட்டபோது 160,000 என்றார்கள், அதுவும் பாட்ஸ் எப்போது வரும் என்று சொல்ல முடியாதாம். தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்ததே 2021இல்தான். அம்மாவிடம் முதல் கணக்கைச் சொன்னேன். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, “தொண்ணூறு பேரா?” என்றார். தோட்டத்தில் ஒரு நாள் முழு வேலைக்கு ஒரு ‘பேர்’ என்று கணக்கு. ஒரு நாளும் விடாமல் மூன்று மாதம் மலைக்குப் போனால் வருகிற பேர். அதுவும் கொழுந்து நிறை குறையாமல், அரைப் பேர் விழாமல். பத்துப் புள்ளியில் ஒன்றை விழுங்கும் லெப்டொப்புக்கும் அரைப் பேர்தான் போட வேண்டும் என்று அன்றிலிருந்து வீட்டில் ஒரு பகிடி.

இரண்டாவது கணக்கை அவரிடம் சொல்லவில்லை.

மாற்றப் போவதில்லை என்று முடிவெடுத்த பிறகு செய்த வேலைகளைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். முதலில் புள்ளியை வேறு கீக்கு மாற்றினேன். விண்டோஸில் பவர்டோய்ஸ் என்ற மைக்ரோசொஃப்டின் இலவச மென்பொருள் இருக்கிறது, அதில் ஒரு கீயின் வேலையை இன்னொரு கீக்குக் கொடுக்கலாம். கேப்ஸ் லொக்குக்குக் கொடுத்தேன். பாமினிக்காரருக்கு அந்தக் கீயால் தொல்லையைத் தவிர வேறொன்றும் இல்லை, தவறிப் பட்டால் ஒரு வரி முழுக்க வேறு எழுத்தாக மாறிவிடும். நல்ல யோசனைதான். ஆனால் இத்தனை வருஷம் வலது சுண்டுவிரல் செய்த வேலையை இடது சுண்டுவிரலுக்குச் சொல்லிக் கொடுப்பது லேசில்லை. மூளை ஒத்துக்கொண்டது, விரல் ஒத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் ஃபில்டர் கீஸ். இது விண்டோஸிலேயே இருக்கிறது. ஒரே கீ அரை செக்கனுக்குள் இரண்டாவது தடவை விழுந்தால் கணக்கில் எடுக்காதே என்று சொல்லலாம். ஆங்கிலம் அடிக்கிறவருக்கு இது சரிப்படாது, இரட்டை எழுத்துகள் அங்கே அதிகம். பாமினிக்கு இது அருமையாகப் பொருந்துகிறது. ‘அக்கா’வில் இரண்டு ககரம் இருந்தாலும் நடுவில் புள்ளி வந்து உட்கார்ந்துகொள்வதால் ஒரே கீயை அடுத்தடுத்துத் தட்ட வேண்டிய சொற்கள் தமிழில் குறைவு. பப்பாளி மட்டும் ‘ப்பாளி’ ஆகிவிடும். தத்துவத்துக்கும் அதே கதிதான். பழச் செய்கை அறிக்கையோ சமய மலரோ வந்தால் அணைத்துவிட வேண்டும். இதைவிடப் பெரிய சங்கடம், அழிக்கிற கீயை நாம் படபடவென்று தட்டிப் பழகியிருப்பதுதான். அதையும் அது இரண்டாவது அடியென்று தள்ளிவிடும். அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் அழியும், ஆனால் தேவைக்கு மேல் அழிந்துவிடும்.

கடைசியில் எல்லோரும் போகிற இடத்துக்கே நானும் போனேன். மூன்று மொழி எழுத்தும் அச்சடித்த வயர் கீபோட் ஒன்றை வாங்கிச் சொருகினேன். அதன் விலையைச் சொன்னால் லெப்டொப்புக்கு அவமானம். கீ நன்றாக உள்ளே இறங்குகிறது, சத்தமாகக் கத்துகிறது, ஒரு புள்ளியும் தப்புவதில்லை. 2023இல் ‘மலையகம் 200’ நினைவு மலர்கள் வரிசையாக வந்தபோது எல்லாவற்றையும் அதில்தான் அடித்து முடித்தேன். மெல்லியது, பாரமில்லாதது என்று வாங்கிய லெப்டொப்போடு இப்போது அதைவிட நீளமான ஒரு கீபோட்டையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறேன். பை மூடுவதில்லை.

விலை உயர்ந்தது என்று எதைச் சொல்கிறோம் என்பதில்தான் என் சண்டை. கீபோட் தேய்கிற சாமான். செருப்பு வாங்குகிறவருக்குக்கூடத் தேய்கிற பக்கம் எதுவென்று தெரியும். தேய்கிற சாமானைத் தேயாத உடம்போடு ரிவெட் அடித்துச் சேர்ப்பது திறமையான வேலை என்று யாராவது சொன்னால், அவர் டைப் பண்ணுகிறவர் அல்ல. தம்பியின் கடையில் 2018 வருஷத்துத் திங்க்பேட் டி480 ஒன்று வந்திருந்தது. பார்க்க அழகில்லை, கறுப்பாகத் தடிப்பாக இருந்தது. அடியில் இரண்டு ஸ்கிரூவைத் தளர்த்தி, கீபோட்டை நகர்த்தித் தூக்கி எடுத்தான். வாடிக்கையாளர் வெளியில் பிளேன்டீ குடித்து முடிக்குமுன் புதியது உள்ளே போயிருந்தது. அலுவலகங்களுக்கென்று செய்கிற லெப்டொப்களில் இப்படியானவை இன்னமும் வருகின்றன, விளம்பரத்தில் காட்டமாட்டார்கள், ஏனென்றால் விளம்பரத்தில் லெப்டொப்பை எப்போதும் பக்கவாட்டில் திருப்பி மெலிவைத்தானே காட்டுகிறார்கள்.

ஹட்டனில் திருத்த முடியாதது எனக்கு இனி விலை உயர்ந்தது அல்ல. கொழும்புக்கு ஏ7 வீதியில் கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று இறங்கி ஏறுவதில் ஒரு முழு நாள் போகிறது. அந்த நாளுக்கு யாரும் வாரன்டி தருவதில்லை.

பக்கத்து லயத்து, அதாவது தோட்ட வரிசைவீட்டு, பிள்ளை பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். லெப்டொப் வாங்கப் போகிறோம், எது நல்லது அக்கா என்று கேட்டாள். ரேம், ப்ரொசசர் எல்லாம் கடைக்காரரே சொல்லுவார், நீ மூன்று காரியம் மட்டும் பார் என்றேன். கீபோட் தனியாக வருமா, அதன் விலை என்ன என்று வாங்குமுன் கேள். செகண்ட் ஹேண்ட் என்றால் நோட்பேட்டைத் திறந்து ஒவ்வொரு கீயையும், முக்கியமாக அரைப்புள்ளிக் கீயை, நல்லாத் தட்டிப் பார். அப்புறம் பின்பக்கத்தைத் திருப்பி ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு, ஸ்கிரூ எங்கே எங்கே இருக்கிறது என்று தம்பியிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.

நேற்று வட்ஸ்அப்பில் படம் வந்தது. முன்பக்கம். ரோஸ் கலந்த தங்க நிறம், மூடி பாதி திறந்து, வெளிச்சம் விழுகிற கோணம் பார்த்து எடுத்திருக்கிறாள். கீழே “வடிவா இருக்கா அக்கா?” என்று கேட்டிருந்தாள். வடிவாகத்தான் இருக்கிறது என்று பதில் போட்டுவிட்டு, பின்பக்கத்தை அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.